மூணே முக்கால் லிட்டர்

1

எங்கள் கம்பெனியில் வருஷத்துக்கு ஒருமுறை உடம்பு பரிசோதனை நடக்கும். அதற்கு ஒரு வாரம் முன்பே நாலு பக்கத்துக்கு ஒரு ஃபாரம் கொடுத்துவிடுவார்கள். இந்த ஜெர்மனி தேசத்தில் ஃபாரம் இல்லாமல் பிறக்கவும் முடியாது, சாகவும் முடியாது. நடுவில் தும்முவதற்கும் ஒரு ஃபாரம் இருக்கும், என் கண்ணில்தான் இன்னும் படவில்லை. ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து பத்தொன்பது வருஷமாகிறது. நான் எழுதிக் கொடுத்த ஃபாரங்களை அடுக்கினால் எங்கள் வீட்டுப் பரண் கொள்ளாது.

இந்தத் தடவை பதினோராவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது. "ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் குடிக்கிறீர்கள்?" பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம்.

போன வருஷம் வரைக்கும் யோசிக்காமல் மூன்று என்று எழுதிக்கொண்டிருந்தேன். எனக்குக் கிட்னியில் கல் வந்து கரைந்து, மறுபடியும் வந்து, ஒரு வழி பண்ணிவிட்டது. தினம் மூன்று லிட்டர் குடித்தே ஆக வேண்டும் என்று இங்கிருக்கிற டாக்டர் சொல்லியிருக்கிறார். கோடு போட்ட பாட்டில் ஒன்று வைத்திருக்கிறேன். என் மகள் இனியா என் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். மணிக்கொரு தடவை சொட்டுச் சத்தம் போட்டுக் குடி குடி என்று உயிரை வாங்கும். தாகம் எடுத்தால் குடிப்போம் என்கிற எண்ணமே இங்கே யாருக்கும் கிடையாது. குடிப்பதும் ஒரு வேலை, அதையும் நேரத்துக்கு முடிக்க வேண்டும்.

ஆனால் போன வைகாசியில் என் அக்கா வீட்டுக்காரர் தனசேகரன் மாமா தண்ணீர் குடித்தே செத்துப்போனார். ஆற்றிலோ கடலிலோ முழுகிப் போகவில்லை. சொந்தக்காரர்கள் வீட்டில், ஃபேனுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து, சிரித்த முகமாக, டம்ளரில் குடித்துச் செத்தார். பக்கத்திலேயே நானும் இருந்தேன். ஒரு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் யாரிடமும் முழுசாகச் சொல்லவில்லை. ஊரில் இருக்கிற உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

2

மாமா கடலூர் புதுப்பாளையத்துக்காரர், ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். அவர் விசிலை வாயில் வைத்தால் கிரவுண்டே கப்சிப் ஆகிவிடும். வெயிலில் ஓடிவிட்டு வந்து சொம்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, உதட்டில் படாமல், ஒரே தாரையாக ஊற்றிக்கொள்வார். எங்கள் குடும்பத்தில் எல்லாருமே அண்ணாந்து குடிக்கிறவர்கள்தான். எச்சில் பண்ணாத டம்ளர் என்பதால் ஒருவர் மிச்சம் வைத்ததை இன்னொருவர் கூசாமல் எடுத்துக் குடிப்போம்.

பதினைந்து வருஷமாகக் கூட இருந்த சுகர் கடைசியில் அவருடைய இரண்டு கிட்னியையும் காலி பண்ணிவிட்டது. தை மாசத்தில் டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். திங்கள், புதன், வெள்ளி, காலை ஏழு மணிக்குப் போய்ப் படுத்தால் நாலு மணி நேரம். குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழி இல்லை. ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தேங்கும். அதனால் நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் கூடாது என்று டாக்டர் அளவு சொல்லிவிட்டார். தண்ணீர் மட்டும் இல்லை. காப்பி, ரசம், மோர், மாத்திரைக்குக் குடிக்கிற மடக்கு, எல்லாமே அதற்குள் அடங்க வேண்டும்.

மல்லிகா அக்கா தினம் காலையில் ஒரு பாட்டிலில் முக்கால் லிட்டர் பிடித்து அடுப்பு மேடையில் வைப்பாள். மாமா காலைக் காப்பி குடித்தால் அந்த அளவுக்குப் பாட்டிலிலிருந்து எடுத்துக் கொல்லைப்பக்க வாழைக்கன்றுக்கு ஊற்றிவிடுவாள். மத்தியானம் ரசம் குடித்தால் வாழைக்கு இன்னொரு டம்ளர். சாயங்காலத்துக்கு அடியில் நாலு விரல்தான் மிஞ்சும். அதைப் பார்த்துக்கொண்டு, ஈரக் கைக்குட்டையை உதட்டில் ஒற்றிக்கொண்டு மனுஷன் உட்கார்ந்திருப்பார்.

"உனக்கு மூணு லிட்டரு, எனக்கு முக்கால் லிட்டரு. இது என்னா நியாயம் மச்சான்?" என்று வீடியோவில் கேட்பார். "ஒண்ணு பண்ணு. என் பங்கையும் சேத்து நீயே குடிச்சிடு. குடிக்கும்போது காட்டு, நான் பாத்துக்கிறேன்."

நானும் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, பாட்டிலைத் தூக்கி அண்ணாந்து குடித்துக் காட்டுவேன். அந்தப் பக்கம் மாமாவின் தொண்டை ஏறி இறங்கும்.

"ஏன்டா அந்த மனுஷன இப்படி வெறுப்பேத்துற?" என்று அக்கா பின்னாலிருந்து கத்துவாள்.

"விடு மல்லிகா. அவன் குடிக்கிறத பாத்தாலே எனக்குக் கொஞ்சம் அடங்குது" என்பார்.

3

அக்கா மகள் கவிதாவுக்குக் கார்த்திகையிலேயே நிச்சயம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை கீரப்பாளையத்துப் பையன். டயாலிசிஸ் ஆரம்பித்தது நிச்சயத்துக்குப் பிறகு. சம்பந்தி வீட்டுக்குச் சொல்லவில்லை.

"கிட்னி வியாதி பரம்பரையா வரும், நாளைக்குப் பொண்ணுக்கும் வரும்னு எவளாவது அவுங்க காதுல ஓதிட்டா போச்சு. கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றாள் அக்கா. எங்கள் சொந்தத்தில் மஞ்சக்குப்பத்தில் ஒரு சேதி சொன்னால் பஸ்ஸுக்கு முன்னால் சிதம்பரம் போய்விடும். அதனால் சொந்தக்காரர்களிடமும் மூச்சு விடவில்லை. மாமாவின் இடது கையில் ஊசி குத்துகிற நரம்பு தாம்புக்கயிறு மாதிரிப் புடைத்துக் கிடந்தது. அதை மறைக்கக் கத்திரி வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டு வரை பட்டன் போட்டிருந்தார்.

பத்திரிகை அடித்து வந்து நாளாகியும் கொடுக்க ஆரம்பிக்கவில்லை. தாய்மாமன் கூட வரணுமாம், எனக்காகக் காத்திருந்தார்கள். எனக்கோ இங்கே இனியாவின் பள்ளிக்கூடம். லீவு நாள் தவிர ஒரு நாள் பிள்ளையை நிறுத்தினாலும் இந்த ஊரில் கடுதாசி மேல் கடுதாசி வரும். நான் மட்டும் முன்னாலேயே போயிருக்கலாம். பிள்ளைக்கு நம் வீட்டுக் கல்யாணத்தைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. இங்கே பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வாரம் பெந்தெகொஸ்தே விடுமுறை விட்டதும் நானும் இனியாவும் ஒரு வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தோம். கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது.

"சனி, ஞாயிறு ரெண்டு நாள்ல முடிச்சிடலாம். எல்லாரும் வூட்ல இருப்பாங்க. மாமாவுக்கும் ஆஸ்பத்திரி இல்ல, தோதா இருக்கு" என்று சொன்னது நான்தான். வேறு யாரும் இல்லை. வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இருக்கிற அந்த நீளமான இடைவெளிதான் இவர்களுக்கு இருப்பதிலேயே மோசமான நாட்கள் என்று பிறகு டாக்டர் சொன்னார். எனக்கு அது லீவு நாளாகத் தெரிந்தது.

"அவரு வேணாம், நீயும் நானும் போவோம்" என்றாள் அக்கா.

"பெத்தவரு இல்லாம பத்திரிகை வச்சா நல்லாவா இருக்கும்? கார்லதானக்கா போறோம், ஏசி இருக்கு" என்றேன். திரும்பிப் பார்த்தால் மாமா குளித்துவிட்டு வந்து சட்டைக் கைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

4

இங்கே ஒரு வீட்டுக்குப் போனால் என்ன குடிக்கிறாய் என்று கேட்பார்கள். ஒன்றும் வேண்டாம் என்றால் சரி என்று விட்டுவிடுவார்கள். வந்த புதிதில் இரண்டாம் தடவை கேட்பார்கள் என்று காத்திருந்து தாகத்தோடு திரும்பி வந்திருக்கிறேன். நம் பக்கத்தில் யார் கேட்கிறார்கள்? செருப்பைக் கழற்றுவதற்குள் தட்டில் டம்ளர் வந்துவிடும். அதிலும் நல்ல சேதி கொண்டு வந்தவர்கள் வாய் நனைக்காமல் எழுந்து போகக் கூடாது. "ஒரு வாயாவது குடிச்சிட்டுப் போங்க, கல்யாண வூட்டுக்காரங்க" என்று வாசல் வரைக்கும் டம்ளரோடு வருவார்கள். டாக்டர் கூடாதென்கிறார் என்று சொல்லித் தப்பிக்கலாம். அதைத்தான் சொல்லக் கூடாதே.

அதற்கு நாங்கள் ஒரு தந்திரம் பண்ணினோம். போகிற வீட்டிலெல்லாம் அக்காவைப் பொம்பளைகள் உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள், மாமா பக்கத்தில் நான் உட்காருவேன். என் டம்ளரை மடமடவென்று காலி பண்ணுவேன். அவர் தன் டம்ளரைத் தூக்கி ஒரே ஒரு மடக்கு ஊற்றிக்கொண்டு கீழே வைப்பார். வீட்டுக்காரர்கள் பத்திரிகையைப் பிரிக்கிற நேரத்தில் டம்ளரை மாற்றி அதையும் நானே குடித்துவிடுவேன்.

"பரீட்சையில பிட்டு அடிக்கிற மாதிரியே இருக்குது மச்சான். எத்தனை பசங்கள புடிச்சிருக்கேன்!" என்று காரில் ஏறியதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

சனிக்கிழமை மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், திருவந்திபுரம் முடித்து அண்ணாகிராமம் வரைக்கும் போனோம். அங்கே ஒரு பெரியப்பா வீட்டில் பலாப்பழம் வெட்டி வைத்துவிட்டார்கள். டயாலிசிஸ் பண்ணுகிறவர்களுக்குப் பலாச்சுளை ஆகவே ஆகாது. மாமா இரண்டு சுளையை வாயில் போடுகிற மாதிரிக் காட்டி என் பேன்ட் பாக்கெட்டில் திணித்துவிட்டார். எனக்கு வயிறு மத்தளம். வீட்டுக்கு வீடு பாத்ரூம் எங்கே என்று கேட்க வேண்டியதாகிவிட்டது. ஜெர்மனிக்குப் போய்ப் பையனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

எல்லாம் சரி, ஆனால் வீட்டுக்கு ஒரு மடக்கு உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது. தட்டில் வைத்த மிக்சரை நாலு பருக்கையாவது கொறிக்க வேண்டும், அந்த உப்புக்குத் தாகம் இன்னும் ஏறியது. அண்ணாந்து ஊற்றிக்கொள்கிறவனுக்கு ஒரு மடக்கு என்பது எவ்வளவு என்று அவனுக்கே தெரியாது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அக்கா காலையில் பிடித்து வைத்த பாட்டிலைக் கையில் எடுத்தாள். "எவ்வளவு குடிச்சாரு?"

"ஒண்ணுமே குடிக்கல. வேணும்னா உன் தம்பிய கேளு" என்றார் மாமா. என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்கு யாரிடமும் இல்லை, வேண்டாம் என்று சொல்ல வராது. இங்கே ஆபீசில் தலையில் கட்டுகிற வேலைக்கெல்லாம் ஆட்டுகிற அதே தலைதான். அக்கா நம்பிவிட்டாள். அன்றைக்கு வாழைக்கு ஒரு சொட்டும் போகவில்லை. முக்கால் லிட்டரையும் மாமாவே குடித்தார்.

5

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம். கீழவீதி, தெற்குவீதி என்று சுற்றி முடிப்பதற்குள் மணி மூன்றாகிவிட்டது. இனியாவுக்குப் பதினாலு வயசு. முதல் நாள் பாதி வீடு முடிவதற்குள்ளேயே சலித்துவிட்டாள். தெற்குவீதியில் ஒரு அத்தை கொடுத்த டம்ளரை வாங்கி "இது ஃபில்டர் தண்ணியா?" என்று கேட்டாள். அந்த அம்மா முகம் சுருங்கிவிட்டது. நான் காரில் வைத்து அவளைக் கடித்துக் குதறிவிட்டேன். பிள்ளை கேட்டது ஒன்றும் தப்பில்லை. மானம் போன மாதிரி எனக்குத்தான் இருந்தது.

கடைசியாகக் கீரப்பாளையம், சம்பந்தி வீடு. வாசலில் கார் நின்றதும் இனியா இறங்க மாட்டேன் என்றாள். "எனக்கு இங்க யாரையும் தெரியாது. எல்லாரும் ஒரே கேள்விய கேக்குறாங்க. நான் சொல்றது அவுங்களுக்குப் புரியல" என்று ஜெர்மனில் சொல்லி அழ ஆரம்பித்தாள். "நீங்க உள்ள போங்க, ரெண்டு நிமிஷத்துல வந்துடுறேன்" என்று மாமாவையும் அக்காவையும் அனுப்பிவிட்டு, காரில் உட்கார்ந்து அவளைச் சமாதானம் பண்ணினேன். இரண்டு நிமிஷம் என்றது கால் மணி நேரம் ஆகிவிட்டது.

நான் உள்ளே போகும்போது அக்கா ஹாலில் இல்லை. முகூர்த்தப் புடவையைக் காட்டுகிறோம் என்று பொம்பளைகள் அவளை ரூமுக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மாமா தனியாக உட்கார்ந்திருந்தார். முன்னால் பெரிய எவர்சில்வர் டம்ளர், பாதி நன்னாரி சர்பத். சம்பந்தியம்மா கையில் ஜக்கோடு நின்றார்.

"என்னா சம்பந்தி, பாதியோட வச்சிட்டீங்க? எங்க வூட்டுத் தண்ணி புடிக்கலியா?" என்று கேட்டார். வெள்ளந்தியாகத்தான் கேட்டார். அதற்குள் ஜக்கைச் சாய்த்து டம்ளரை விளிம்பு வரை நிரப்பிவிட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். எனக்கும் அந்த டம்ளருக்கும் நடுவில் நாலு எட்டுத்தான் இருந்தது. கொடுங்கம்மா, எனக்குத் தாகமாக இருக்கிறது என்று வாங்கிக் குடித்திருக்கலாம். காப்பி இல்லையா என்று பேச்சை மாற்றியிருக்கலாம். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

மாமா டம்ளரைத் தூக்கினார். பழைய நாளில் கிரவுண்டிலிருந்து வந்து குடிப்பாரே அதே மாதிரி, ஒரே தாரையாக, கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றிக்கொண்டார். "நல்லா ஜில்லுனு இருக்குதும்மா" என்றார். ஜக்கில் மிச்சமிருந்ததையும் அந்த அம்மா ஊற்றினார். அதையும் குடித்தார். தை மாசத்திலிருந்து நான் பார்க்காத ஒரு நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

திரும்பும்போது செருப்பு வாரைத் தளர்த்திவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார். பாதம் இரண்டும் வீங்கியிருந்தது. அக்காவுக்குத் தெரியாமல் கைக்குட்டையைப் போட்டு மூடினேன்.

6

திங்கட்கிழமை விடியும்போது அக்கா கத்தினாள். மாமா நாற்காலியில் முன்னால் குனிந்து உட்கார்ந்து, மீன் மாதிரி வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். காரில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

"கண்ணாடிய இறக்கு மச்சான்" என்றார். இறக்கினேன். கொஞ்ச தூரம் போனதும், மூச்சுக்கு ஒரு வார்த்தையாக, "சம்பந்தி வூட்டுக்கு போன் கீன் பண்ணிடாத. கல்யாணம் முடியட்டும்" என்றார். அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். ஐந்தரை கிலோ ஏறியிருந்தது. "யாரு சார் இவ்ளோ குடிக்க வுட்டது?" என்று டெக்னீஷியன் என்னைத்தான் கேட்டார். மெஷினில் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சம்பந்தியம்மா கீரப்பாளையத்திலிருந்து வந்தார். விஷயத்தை யாரோ சொல்லிவிட்டார்கள். தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே டம்ளர புடுங்கியிருப்பனே! ஊத்தி ஊத்திக் குடுத்தனே பாவி! வியாதிக்காக ஒரு பொண்ண வேணாம்னு சொல்லுவமா நாங்க?" என்று கேட்டபோது அக்கா அவர் மடியிலேயே மயங்கி விழுந்துவிட்டாள்.

பேச்சு மாறவில்லை அவர்கள். ஆவணியில் திருவந்திபுரம் கோயிலில் எளிமையாகக் கல்யாணம் நடந்தது. நான் போனில் பார்த்தேன். லீவு தீர்ந்துவிட்டது. சாவுக்கு என்று எங்கள் கம்பெனியில் தனி லீவு உண்டு, அதற்கும் ஃபாரம் உண்டு. அதில் உறவுப் பட்டியல் ஒன்று இருக்கிறது, அக்கா வீட்டுக்காரர் அதில் வரமாட்டார். இவர்கள் பாஷையில் அக்கா புருஷனுக்கும் பெண்டாட்டியின் தம்பிக்கும் ஒரே வார்த்தைதான், அந்த வார்த்தைக்கு லீவும் இல்லை. ஆபீஸ் பெண் வருத்தம் தெரிவித்தாள். பரவாயில்லை என்று அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

7

போன வாரம் மாமாவுக்கு வருஷத் திதி. அக்கா போன் பண்ணினாள். கும்பிட்டு முடித்தோம் என்றாள். "வாழை குலை தள்ளிடுச்சுடா. முக்கால் லிட்டரும் இப்ப அதுக்குத்தான் போவுது" என்றாள். இன்னமும் தினம் காலையில் பாட்டிலில் பிடித்து வைக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சனிக்கிழமை சாயங்காலம் நான் தலையாட்டியது பொய் என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. வைத்துவிட்டேன்.

பதினோராவது கேள்வியோடு சமையலறை மேஜையில் நான் உட்கார்ந்திருந்ததை இனியா பார்த்தாள். விவரமான பிள்ளை, புரிந்துகொண்டாள்.

"அப்பா, மாமா ஏன் வேணாம்னு சொல்லல? ஒரு வார்த்தைதானே?" என்று தமிழிலேயே கேட்டாள்.

மாமாவால் முடியாது, நான் சொல்லியிருக்க வேண்டும் என்று சொன்னால், அப்போது நீ எங்கே இருந்தாய் என்று கேட்பாள். உன்னோடு காரில் இருந்தேன் என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வேன்? சாகிற வரைக்கும் சொல்லமாட்டேன். தூங்கப் போம்மா என்றேன்.

கட்டத்தில் 3.75 என்று எழுதினேன்.

நேற்றுப் பரிசோதனை. கம்பெனி டாக்டரின் நர்ஸ் என் ஃபாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தாள். பதினொன்றில் நின்றாள்.

"இவ்வளவு துல்லியமாக யார் அளக்கிறார்கள்?" என்று சிரித்தாள்.

"மூன்று என்னுடையது. முக்கால் எங்கள் வீட்டில் ஒருவருடையது" என்றேன். என் ஜெர்மனில் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பாள்.

"இதில் முழு எண்தான் ஏறும். முக்காலை எடுத்துவிடலாமா?" என்று கேட்டாள். தலையாட்டுவேன் என்று விரலை விசையின் மேலேயே வைத்திருந்தாள்.

"வேண்டாம்" என்றேன்.

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள், கதவுக்கு வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். கீரப்பாளையத்தில் அந்த ஹால் வாசலில் நின்று நான் போட்டிருக்க வேண்டிய சத்தம் அது.